மதுரைல ஒரு பிரைவேட் ஹாஸ்பிடல் ஐசியு: இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் எப்படி இருக்கு, என் ரிவ்யூ

மதுரைல இருக்குற ஒரு பெரிய பிரைவேட் ஹாஸ்பிடலோட ஐசியு பத்தின ரிவ்யூ இது. பேரு போடல, தயவுசெஞ்சு கேக்காதீங்க, ஏன்னா நான் சொல்லப்போற நல்லது கெட்டது ரெண்டும் எந்த ஊரு ஐசியுலயும் பாக்க வேண்டிய விஷயம்தான். ரேட்டிங் முதல்லயே சொல்லிடுறேன், 5-க்கு 4. ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கீழ எழுதிருக்கேன்.

ஆன்லைன்ல ஹாஸ்பிடல் ரிவ்யூ தேடுனா ஏசி நல்லாருக்கு, கேன்டீன்ல பொங்கல் நல்லாருக்கு, பார்க்கிங் இல்ல, செக்யூரிட்டி மரியாதையா பேசல, பில்லு ஜாஸ்தி, இதான் வருது. ஐசியுக்குள்ள நம்ம ஆளு போன நோயில இருந்து பொழச்சு வந்தாலும் அங்க ஒட்டுன கிருமியால போயிடக்கூடாதேங்கிறத பத்தி யாரும் எழுதுறதில்ல. எங்க வீட்டுல அது கிட்டத்தட்ட நடக்க இருந்துச்சு, அதனால இந்த ரிவ்யூல லிஃப்ட் கேன்டீன் எல்லாம் விட்டுட்டு இந்த ஒரு விஷயத்த மட்டும் எழுதுறேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக். முதல்ல வீட்டுக்கு பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம்லதான் சேர்த்தோம், மூச்சு சரியா விடலன்னு அங்கயே ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சாங்க, அந்த அவசரத்துல அவங்க செஞ்சது சரிதான், அதுல எனக்கு குறையே இல்ல. ஆனா சில நாள்லயே காய்ச்சல் ஏற ஆரம்பிச்சிருச்சு, சளி மஞ்சளா கெட்டியா வருது, எக்ஸ்ரேல நுரையீரல்ல வெள்ளையா ஒரு திட்டு, மெரோபெனம்னு ஒரு ஸ்ட்ராங்கான ஆன்டிபயாட்டிக் ஏத்திட்டே இருக்காங்க காய்ச்சல் இறங்கவே இல்ல, கல்ச்சர் (எந்த கிருமின்னு லேப்ல வளத்து பாக்குற டெஸ்ட்) அனுப்பிருக்கீங்களான்னு கேட்டா "ஸ்ட்ராங்கான மருந்துதான் போகுது, வெயிட் பண்ணுங்க"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அங்க இருந்து இந்த ஹாஸ்பிடலுக்கு ஆம்புலன்ஸ்ல மாத்துனோம்.

இங்க வந்ததும் அப்பாவ மத்த பெட்டோட சேர்த்து போடல. ஓரத்துல கண்ணாடி தடுப்பு போட்ட தனி ரூம், வெளிய ஒரு மஞ்ச போர்டு, வாசல்லயே கவுன், கிளவுஸ், கை தேய்க்கிற ஹேண்ட்ரப். நான் பயந்துட்டேன், ஏதோ பெரிய தொத்து வியாதின்னு. அங்க இருந்த சிஸ்டர் சின்ன பொண்ணு, ரொம்ப பொறுமையா சொல்லுச்சு, "அக்கா, பயப்படாதீங்க, வேற ஐசியுல இருந்து வர்ற எல்லாரையும் நாங்க இப்படித்தான் தனியா வைப்போம், ஸ்வாப் ரிசல்ட் வரட்டும்"னு. ஆசனவாய்ல இருந்து ஸ்வாப் எடுத்தாங்க. ஏன்னா இந்த கிளெப்சியெல்லா மாதிரி கிருமி குடல்ல சத்தமில்லாம உக்காந்திருக்கும், அந்த ஆளுக்கு ஒண்ணுமே செய்யாம இருந்தாலும் தொட்ட கை வழியா பக்கத்து பெட்டுக்கு போயிரும். இந்த ஒரு விஷயத்துக்கே நான் அவங்களுக்கு ரெண்டு ஸ்டார் கொடுப்பேன். தனக்கு வர்ற பேஷண்ட்ட மட்டும் இல்ல, ஏற்கனவே உள்ள படுத்திருக்கவங்களையும் பத்தி யோசிக்கிற இடம்னு அப்பவே தெரிஞ்சுது.

ரெண்டாவது கல்ச்சர். ஆன்டிபயாட்டிக்க மாத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு தனித்தனி இடத்துல இருந்து ரத்தம், ட்யூப் வழியா உறிஞ்சுன சளி, யூரின் எல்லாம் எடுத்துட்டாங்க. பிபி இறங்கிட்டு இருக்குற ஆளுக்கு மருந்த தள்ளிப்போடவும் முடியாது, செப்சிஸ்ல, அதாவது இன்ஃபெக்ஷனால உடம்போட உறுப்புகளே பழுதாகுற நிலைல, மணிக்கணக்குல தாமதம் பண்ணா உயிருக்கே ஆபத்து, ஆனா ரத்தம் எடுக்க சில நிமிஷம்தான் ஆகும், அத எடுத்துட்டு உடனே மருந்து போடலாம். மருந்து போனப்புறம் எடுத்தா கிருமி இருந்தும் பாட்டில்ல வளராம போக நிறைய வாய்ப்பு இருக்கு, அப்புறம் எந்த கிருமின்னே தெரியாம இருட்டுலதான் மருந்து குடுக்கணும். இதெல்லாம் அந்த ஐசியு டாக்டர் நின்னுட்டே ரெண்டு நிமிஷத்துல எனக்கு சொன்னார். கவுன்சிலிங் ரூம்னு தனியா ஒண்ணு இருக்கு, தினமும் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் அங்க வந்து பேசுவாங்க, கேள்வி கேட்டா எரிஞ்சு விழல.

ரிசல்ட் முழுசா வர ரெண்டு மூணு நாள் ஆகும், அது எங்க போனாலும் அப்படித்தான், கிருமி வளரணும், என்னன்னு கண்டுபிடிக்கணும், அப்புறம் எந்த மருந்துக்கு சாகுதுன்னு பாக்கணும். சில பெரிய இடங்கள்ல பிசிஆர் பேனல்னு ஒண்ணு இருக்கு, சில மணி நேரத்துலயே கிருமியோட ஜீன சொல்லிரும், இங்கயும் இருந்துச்சு, காசு அதிகம், ஆனா எங்களுக்கு அது பிரயோஜனமா இருந்துச்சு.

ரிப்போர்ட்ல கிளெப்சியெல்லா நிமோனியே, பக்கத்துல என்டிஎம்னு ஒரு ஜீன், ஆன்டிபயாட்டிக்கையே உடைக்கிற என்சைம கிருமிக்கு குடுக்குறது. மருந்து லிஸ்ட்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஆர், ஆர், ஆர். ஆர்னா ரெசிஸ்டன்ட், கேக்காது. மெரோபெனமும் ஆர். அப்போ முன்னாடி ஏத்துன பாட்டில் எல்லாம் அந்த கிருமிய ஒண்ணுமே பண்ணாம போயிருக்கு. கடைசி கட்டத்துல எடுக்குற கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மட்டும் ஐ-ன்னு, அதாவது இன்டர்மீடியட்னு போட்டிருந்துச்சு. கொலிஸ்டினுக்கு எஸ்-ங்கிற எழுத்தே (மருந்து கேக்கும்னு அர்த்தம்) ஏன் இல்லன்னு கேட்டேன். அமெரிக்கா ஸ்டாண்டர்ட்ல 2020-ல இருந்தே அந்த மருந்துக்கு எஸ் போடுறத நிறுத்திட்டாங்களாம், ஏன்னா லேப்ல வேலை செஞ்சாலும் உடம்புக்குள்ள அந்த அளவுக்கு நம்ப முடியல. போதாததுக்கு கிட்னிய அடிக்கும். அப்பாவுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ஏற்கனவே ஏறி இருந்துச்சு.

இந்த என்டிஎம் பத்தி நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சு வச்சுக்கணும். டெல்லில ட்ரீட்மென்ட் எடுத்துட்டு ஸ்வீடன் போன ஒரு பேஷண்ட்கிட்ட 2008-ல முதல்ல கண்டுபிடிச்சாங்க. 2010-ல லான்செட் குரூப் ஜர்னல் ஒண்ணுல பெரிய ஆய்வு வந்துச்சு, அதுல முதல் பேரா இருந்தவர் சென்னை பல்கலைக்கழகத்துல இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வுல சென்னைல இருந்து மட்டும் 44 கிருமில இந்த ஜீன் இருந்துச்சு, ஹரியானால 26, பிரிட்டன்ல 37. அப்போ பேப்பர் டிவில எல்லாம் நாட்டோட மானம் போச்சு, மெடிக்கல் டூரிசத்த கெடுக்கப் பாக்குறாங்கன்னுதான் சண்டை நடந்துச்சே ஒழிய ஐசியுல படுத்திருக்கவங்க கதி என்னன்னு பேசுனவங்க கம்மி. அந்த ஜீன் ஒரு கிருமில இருந்து இன்னொரு வகை கிருமிக்கே கைமாறும், பிளாஸ்மிட்னு ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் வழியா. கிளெப்சியெல்லா கிட்ட இருந்து ஈகோலை வாங்கிக்கும். அதனாலதான் ஒரு பெட்ல வந்தா அத அங்கயே நிப்பாட்டியாகணும்.

டாக்டர் கொலிஸ்டின் பக்கம் போகல. செஃப்டாசிடிம் அவிபாக்டம்னு ஒண்ணு, கூடவே அஸ்ட்ரியோனம், ரெண்டையும் சேர்த்து குடுத்தாங்க. அத எனக்கு புரியிற மாதிரி சொன்னார், "அம்மா, இந்த என்டிஎம் எல்லாத்தையும் வெட்டுற கத்திரிக்கோல் மாதிரி, ஆனா அஸ்ட்ரியோனத்த மட்டும் அதால வெட்ட முடியாது. அதே கிருமிகிட்ட வேற என்சைம் இருக்கு, அதுங்க அஸ்ட்ரியோனத்தையும் உடைக்கும், அந்த வேற என்சைமை அவிபாக்டம் மடக்கி வச்சிரும், அதுக்குள்ள அஸ்ட்ரியோனம் வேலைய முடிச்சிரும்"னு. எனக்கு அந்த நேரத்துல இத கேக்கும்போது அழுகையே வந்துருச்சு, ஏதோ ஒரு வழி இருக்குன்னு. ஒரு வயலே ஆயிரக்கணக்குல வருது, ஒரு நாளைக்கு மூணு வேளை, அத ஒளிச்சு வைக்காம முன்னாடியே எவ்வளவு ஆகும்னு எழுதிக் காட்டுனாங்க. எல்லாராலயும் இது முடியாதுங்கிறது எனக்கு தெரியும், பக்கத்து பெட்டு ஐயாவோட மகன் வெளிய பெஞ்சுல உக்காந்து போன்ல நகைய அடகு வைக்கிறது பத்தி பேசிட்டு இருந்தார், அத நினைச்சா இப்பவும் மனசு ஆறல. புது மருந்து வரவே வராதுன்னு இல்ல, சென்னை ஆர்க்கிட் பார்மா கண்டுபிடிச்ச என்மெட்டாசோபாக்டம் இருக்குற ஒரு மருந்துக்கு 2024 பிப்ரவரில அமெரிக்கா எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, பெருமையான விஷயம், ஆனா அதுவும் என்டிஎம்ம தாண்டாது. அதனால கிருமி வந்தப்புறம் மருந்து தேடுறத விட வராம பாத்துக்கிறதுதான் எல்லாருக்கும் கட்டுப்படியாகும்.

வராம பாத்துக்கிறதுல இந்த ஹாஸ்பிடல் எப்படின்னா, பகல் ஷிஃப்ட் பிரமாதம். பெட்டோட தலைப்பக்கம் 30-ல இருந்து 45 டிகிரி தூக்கியே இருக்கும், வயித்துல இருக்குறது எதுக்களிச்சு நுரையீரலுக்கு போகாம. காலைல பல்லு விளக்கி விடுவாங்க, ஆமா, ட்யூப் போட்ட ஆளுக்கும். காலைல மயக்க மருந்த குறைச்சு ஆளு முழிக்கிறாரா, தானா மூச்சு விட முடியுதான்னு பாப்பாங்க. யூரின் பேக் தரைல படாது, ஸ்ட்ரெச்சர்ல கூட்டிட்டு போகும்போது அத தூக்கி வயித்து மேல வைக்க மாட்டாங்க. மருந்து ஏத்த கழுத்துல பெரிய ரத்தக்குழாய்ல போட்ட சென்ட்ரல் லைன், யூரின் ட்யூப், ஒவ்வொண்ணுக்கும் "இது இன்னைக்கும் வேணுமா"ன்னு ரவுண்ட்ஸ்ல ஒரு கேள்வி. தேவை இல்லன்னா அன்னைக்கே எடுத்துருவாங்க. நம்ம சொந்தக்காரங்களுக்கு ட்யூப் அதிகமா இருந்தாதான் நல்லா பாக்குறாங்கன்னு ஒரு நினைப்பு, உண்மையில ஒவ்வொரு ட்யூபும் கிருமிக்கு ஒரு வாசல்.

இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல பீட்டர் பிரோனோவோஸ்ட்னு ஒரு டாக்டர் நூத்துக்கும் மேல ஐசியுல இதான் செஞ்சு காட்டுனார், 2006-ல அந்த ரிசல்ட் வந்துச்சு. கை கழுவு, குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி வச்சு தோல சுத்தம் பண்ணு, முழு கவுன் மாஸ்க் போட்டு லைன் போடு, முடிஞ்சா தொடைல போடாத, தேவை இல்லாத லைன எடு. அஞ்சே விஷயம். லைன் வழியா ரத்தத்துல ஏறுற இன்ஃபெக்ஷன் 66 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. புது மெஷின் வாங்கல, புது மருந்து இல்ல. நம்ம ஊர்ல லாபில போடுற கிரானைட் காசுல கொஞ்சம் நர்ஸ் சம்பளத்துக்கு போனா எத்தனை உசுரு பொழைக்கும்.

இன்னொரு நல்ல விஷயம் சொல்லணும். அப்பாவுக்கு காய்ச்சல் விட்டு, வெள்ளை அணு இறங்கி, ஆக்சிஜன் தேவை குறைஞ்சப்புறம் ஒரு சளி கல்ச்சர்ல அசினெட்டோபாக்டர்னு வேற ஒரு கிருமி வளந்துச்சு. சித்தப்பா பதறிட்டார், "டாக்டர், இதுக்கும் ஒரு ஸ்ட்ராங் ஆன்டிபயாட்டிக் போட்டுருங்க, காச பாக்காதீங்க"ன்னார். டாக்டர் போடல. "ஐயா, ட்யூப்ல கிருமி குடியிருக்குறது வேற, அது நோய் பண்றது வேற. ஆளு நல்லாயிட்டு வர்றார், பேப்பருக்கு வைத்தியம் பாக்க கூடாது"ன்னு சொல்லி, ஏற்கனவே போயிட்டு இருந்த மருந்தையும் ஒரு வாரம் போல ஆனதும் நிப்பாட்டிட்டார். காசு வாங்குற ஹாஸ்பிடல்ல மருந்து வேண்டாம்னு சொல்ற டாக்டர பாத்தா கால்ல விழலாம் போல இருக்கு. பொதுவா நம்மாளுங்க மருந்த நிப்பாட்டுனா கவனிக்கலன்னு சண்டை போடுறோம், அந்த சண்டைக்கு பயந்தே நிறைய டாக்டர் எழுதிக் குடுத்துடுறாங்க.

இப்ப குறைச்ச ஸ்டாருக்கு வர்றேன். ராத்திரி ஷிஃப்ட். வென்டிலேட்டர்ல இருக்குற ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும்னுதான் ஐசியு டாக்டர்கள் சங்கமே சொல்லுது, ஆனா ராத்திரி ஒரே பொண்ணு ரெண்டு பெட்டுக்கு, சில நேரம் அதுக்கும் மேல ஓடுது. ஒரு நைட்டு கண்ணாடி வழியா பாக்குறேன், எங்க அப்பாவுக்கு சளி உறிஞ்சுன அதே கிளவுஸோட மானிட்டர தொட்டு, கதவ தொட்டு, அடுத்த பெட்டு பம்ப்பு அலாரம் அடிக்குதுன்னு அத நிறுத்த போகுது அந்த பொண்ணு. நான் "சிஸ்டர், கிளவுஸ் மாத்திட்டு போம்மா"ன்னேன். கோவப்படல, "சாரிக்கா"ன்னு சொல்லி கழட்டிட்டு கைய தேச்சுட்டு போச்சு. அந்த பொண்ணு மேல எனக்கு துளி வருத்தம் இல்ல, ரெண்டு அலாரம் ஒண்ணா அடிச்சா யாரு என்ன செய்ய முடியும், ஆள் போடாத மேனேஜ்மென்ட் மேலதான் கோவம். கிளவுஸ் போட்டா கை சுத்தம்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதான் ஆபத்து, கிளவுஸ் போட்டவரு கைய காப்பாத்தும், அடுத்த பேஷண்ட்ட காப்பாத்தாது. காலைல இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ்னு ஒரு மேடம் இருக்காங்க, அவங்ககிட்ட சொன்னேன், நோட் பண்ணிக்கிட்டு அன்னைக்கே ஷிஃப்ட் இன்சார்ஜ்கிட்ட பேசுனாங்க, அது நல்ல பதில்தான், ஆனா ஆள் கூடல.

அப்புறம் சாயந்திரம் விசிட்டிங் டைம். செருப்ப வெளிய விடுங்க, விடுங்கன்னு செக்யூரிட்டி கத்துறார், கைய தேய்ங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. வாசல்ல மாட்டியிருக்குற ஹேண்ட்ரப் பாட்டில் பாதி நாள் காலி. வர்ற சொந்தக்காரங்க ஒரு பேஷண்ட் கைய புடிச்சு அழுதுட்டு அப்படியே பக்கத்து பெட்டு தெரிஞ்சவங்களையும் தொட்டுட்டு போறாங்க, விபூதி பூசி விடுறாங்க, பாசம்தான், தப்பு சொல்லல, ஆனா அசினெட்டோபாக்டர் மாதிரி கிருமி காஞ்ச கம்பிலயும் மெத்தைலயும் நாள்கணக்கா வாரக்கணக்கா உயிரோட கிடக்கும். உள்ள போறப்ப ஒரு தடவ, வெளிய வர்றப்ப ஒரு தடவ, 20-30 செகண்ட் ஹேண்ட்ரப் போட்டு தேய்ங்க. கை அழுக்கா தெரிஞ்சா சோப்பு போட்டு முழுசா ஒரு நிமிஷம்.

இன்னொண்ணு, உங்க ஐசியுல வென்டிலேட்டர் நிமோனியா எவ்வளவு வருதுன்னு கேட்டேன். 1000 வென்டிலேட்டர் நாளுக்கு இத்தனைன்னு அவங்க கணக்கு வைப்பாங்க, என்ஏபிஎச்ங்கிற தரச்சான்று வாங்குன ஹாஸ்பிடல்னா இன்ஃபெக்ஷன் கணக்கு வச்சே ஆகணும். "அது இன்டர்னல் டேட்டா மேடம்"னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் சக்சஸ்னு ஃபிளெக்ஸ் வைக்கிறீங்க, இந்த நம்பரையும் ரிசப்ஷன்ல ஒரு பேப்பர்ல ஒட்டுங்களேன், நல்ல நம்பரா இருந்தா ஜனங்க உங்கள தேடி வருவாங்க. இது எல்லா ஹாஸ்பிடலுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

மருந்துக்கடை பக்கமும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஐசியுல வந்து நிக்கிற பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. 2012-ல சென்னைல டாக்டர் சங்கங்கள் எல்லாம் கூடி சென்னை டிக்ளரேஷன்னு ஒண்ணு போட்டாங்க, ஆன்டிபயாட்டிக்க கண்டபடி விக்கிறத கட்டுப்படுத்தணும்னு. 2014 மார்ச்ல இருந்து எச்1 ஷெட்யூல்ங்கிற மருந்து லிஸ்ட் அமலுக்கு வந்துச்சு, மெரோபெனம் மாதிரி மருந்துகள சீட்டு இல்லாம குடுக்க கூடாது, கடைக்காரர் தனி ரெஜிஸ்டர்ல டாக்டர் பேரு பேஷண்ட் பேரு எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். கோழிக்கு கொலிஸ்டின் போடுறத 2019-ல தடை பண்ணாங்க. சட்டம் இருக்கு. ஆனா சளி காய்ச்சலுக்கு கடைல போய் "ஒரு நாலு மாத்திரை குடுங்கண்ணே"ன்னு கேட்டா அசித்ரோமைசின கைல குடுக்குற தெரு எங்க தெருவுலயே இருக்கு. கேரளால இத சீரியஸா எடுத்து சீட்டு இல்லாம விக்கிற கடைய ரெய்டு பண்றாங்க, நம்ம பக்கமும் அப்படி வரணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

அப்பா இப்ப வீட்டுல. மூச்சு விடுறதுக்காக கழுத்துல போட்டிருந்த ஓட்டை மூடியாச்சு, கிரியாட்டினின் இறங்கிருச்சு, வலது கை இன்னும் வரல, பிசியோதெரபி போயிட்டு இருக்கு. அந்த கிருமி குடல்ல மாசக்கணக்குல இருக்கலாம்னு சொல்லி அனுப்புனாங்க, அவருக்கு தொந்தரவு இல்ல, வீட்டுல யாரும் பயந்து ஒதுங்க வேண்டாம், பாத்ரூம் போய்ட்டு வந்தா எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவணும், டயப்பர் மாத்துறவங்க கண்டிப்பா. அவ்வளவுதான்.

உங்க ஆள ஐசியுல சேர்க்கப் போறீங்கன்னா ஒரு விஷயம். கல்ச்சர் ரிப்போர்ட் ஒவ்வொண்ணையும் கேட்டு வாங்கி போன்ல போட்டோ எடுத்து வைங்க, குடுக்க மாட்டேன்னு சொன்னா எழுத்துல கேளுங்க, மெடிக்கல் ரெக்கார்ட் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு டாக்டர்களுக்கான விதிமுறைலயே இருக்கு. நாங்க நர்சிங் ஹோம்ல இருந்து வெறும் எக்ஸ்ரேவும் பில்லும்தான் வாங்கிட்டு வந்தோம், அங்க கல்ச்சர் போயிருந்து அந்த ரிப்போர்ட் கைல இருந்திருந்தா இங்க முதல் நாளே சரியான மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில கிருமியோட பேரும் எந்த மருந்துக்கு கேக்கலங்கிறதும் எழுதிருக்கான்னு பாருங்க, எழுதலன்னா எழுதி வாங்கிட்டு வாங்க, இந்த ஹாஸ்பிடல்ல நாங்க கேக்காமயே முதல் பக்கத்துலயே போட்டுக் குடுத்தாங்க.